முதல் நாள் ரீடிங்

என் அக்காவின் கணவர் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு ரீடிங்காரர் என்றுதான் பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கண் மீட்டர் பெட்டியைத் தேடும். மனுஷன் வாய் எதையும் சொல்லும், மீட்டர் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு நீதிபதித் தோரணை வந்துவிடும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற எனக்கு யாருடைய தோரணையும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அத்தானாயிற்றே, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வேன்.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மெஷின் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது மூக்கில் மாட்டியிருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்தக் கோடையில் பகலில் கரண்ட் போக ஆரம்பித்தது. சில நாள் இரண்டு மணி நேரம், சில நாள் ஐந்து மணி நேரம். வாடகைக்கு எடுத்த சிலிண்டரை வைத்துச் சமாளித்தோம். ஒன்று தீர்ந்து இன்னொன்று வந்து சேர்வதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால்தான் வீட்டுக்கு ஒரு பேட்டரி வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். விசிறியும் விளக்கும் எப்படியோ போகட்டும், மெஷின் மட்டும் ஐந்து மணி நேரம் நிற்காமல் ஓடினால் போதும்.

பேட்டரிக் கடை அம்மா வீட்டுக்கே வந்து மெஷினின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தார்.

"முந்நூத்தி இருபது வாட்னு போட்டிருக்கு சார். இதையே வெச்சு அஞ்சு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டு, மேல கொஞ்சம் சேர்த்துக்கலாம்."

"ஸ்டிக்கர்ல கம்பெனிக்காரன் ஆயிரம் எழுதுவான்மா," என்றார் அத்தான். "நான் அளந்து சொல்றேன். ஒரு வாரம் குடுங்க."

பரண்மேல் கிடந்த ஒரு பழைய மீட்டரை இறக்கினார். உள்ளே தட்டு சுற்றுகிற பழைய வகை. அதை ஒரு பலகையில் முடுக்கி, கட்டிலுக்கு எதிரே மாட்டி, மெஷினின் கரண்ட் அதன் வழியாகவே போகும்படி செய்தார். தினமும் காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வந்து ரீடிங் எடுத்து நோட்டில் எழுதுவது என்று ஏற்பாடு. ஓய்வு பெற்ற பிறகு அவரை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததே இல்லை.

முதல் நாள் ஐந்து யூனிட்டைத் தாண்டிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "என்னடா இது, இந்த இழுப்பு இழுக்குது," என்று வாய்க்குள் முணுமுணுத்தார். வாய்க்குள்தான் என்றாலும் கட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மறுநாள் மூன்றேகால் யூனிட். அதற்கடுத்த நாள் மூன்று. அப்புறம் வாரம் முழுக்க அந்த அளவிலேயே நின்றது. அவர் முகம் தெளிந்தது. முதல் நாள் ரீடிங்கின் மேல் ஒரு கோடு போட்டார்.

"புதுசா மாட்டினா முதல் நாள் மீட்டர் கொஞ்சம் கூடத்தான் ஓடும் மாப்ள. எத்தனை வீட்டுல பார்த்திருக்கேன்."

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

சராசரி மூன்றேகாலுக்குக் கொஞ்சம் கீழே. பதினாறு மணி நேரத்தால் வகுத்தால் இருநூறு வாட். அத்தான் நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அந்த அம்மா இரண்டு தடவை கேட்டார். "சார், நல்லாப் பார்த்துட்டீங்களா?" அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பத்தொரு வருஷமா இதைத்தாம்மா பார்த்தேன்," என்றார். அதற்கு மேல் அவர் என்ன சொல்வார், பாவம். அவர் கேட்ட அளவிலேயே பேட்டரி வந்தது. அது வந்த அன்றே, இடத்தை அடைக்கிறது என்று சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

எட்டு நாள் ஒரு குறையும் இல்லை. கரண்ட் போவதும் வருவதும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஒன்பதாம் நாள் பதினொரு மணிக்குப் போன கரண்ட் வரவில்லை. இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் கடைக்கு அத்தானிடமிருந்து போன் வந்தது.

"மெஷின் கத்துது மாப்ள." அவ்வளவுதான் சொன்னார்.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அக்கா கட்டில் விளிம்பில் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அத்தான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கணும். கணக்குப்படி இருக்கணும்," என்று அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். பெண்டாட்டி மூச்சுக்குத் தவிக்கிறாள், இவர் எனக்குக் கணக்குக் காட்டுகிறார். ஓங்கி ஒன்று விடலாமா என்று வந்தது. அவர் விரல் ஒவ்வொரு வரியாகத் தடவி மறுபடி கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் விட்டு விட்டுப் பேசினாள்.

"அளக்கறப்ப, நீங்க வெளிய போனப்பல்லாம் மெஷினை அணைச்சு வெச்சேங்க. மத்தியானம் நீங்க தூங்கறப்பவும்."

"எதுக்கு?"

"முதல் நாள் உங்க மூஞ்சி தொங்கிப் போச்சு. குறைச்சலா காட்டினா சந்தோஷப்படுவீங்கன்னு."

முப்பத்தொரு வருஷமும் அவர் வாசலில் நின்று குரல் கொடுத்தால் உள்ளே யாராவது ஓடிப் போய் விசிறியை அணைப்பார்கள். விசிறியை அணைத்தால் ஓடின யூனிட் திரும்பி வந்துவிடுமா என்று அவர் அதை நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார். அக்காதான் அதிகம் சிரிப்பாள்.

வராந்தாவுக்கு வந்த பிறகு அத்தான் என்னைக் கேட்டார். "அவளுக்கு என்னைக் கண்டா பயமா மாப்ள?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இரண்டு நாளில், வீட்டில்தான் மெஷின் இருக்கிறதே என்று அனுப்பிவிட்டார்கள். பெரிய பேட்டரி வர ஆறு வாரம் ஆகுமாம். இந்த வெயிலில் ஊரே அதைக் கேட்கிறது. பேட்டரிக் கடை அம்மா எங்களை ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை, அதுவே பெரிசு. சிலிண்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். நாங்கள் திருப்பி அனுப்பியது இப்போது வேறு யாருடைய கட்டிலுக்குப் பக்கத்திலோ நிற்கிறது. கரண்ட் இப்போது தினமும் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை போகிறது. பேட்டரி மூன்று மணி நேரம்கூட ஓடாது. அதனால் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டுவது, கொஞ்ச நேரம் நிறுத்துவது. நிறுத்துகிற வேலை அத்தானுடையது. ஆக்சிஜன் அளவு பார்க்கிற சின்னக் கருவியை அக்காவின் விரலில் மாட்டிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் மெஷினைப் போட வேண்டும்.

நேற்று நான் போனபோது மணி பன்னிரண்டே முக்கால். மெஷின் நின்றிருந்தது.

"எண்பத்தாறு. போடறேன்," என்றார்.

"இருக்கட்டும். கடைசியில பேட்டரி வேணும்."

"மூச்சு வாங்குது உனக்கு."

"வாங்கலைங்க."

அவள் தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கியதை நாங்கள் இருவரும் பார்த்தோம். அவர் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மாப்ள. இப்பவே போட்டுடவா, வெச்சிருக்கவா?"

நான் மணியைப் பார்த்தேன். அவர் போட்டார். அக்கா கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்து, கையை நீட்டி, தானே அணைத்தாள்.

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. கரண்ட் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.