ஞானசவுந்தரி றோட்டில் இறங்கினால்

மண்கும்பானைத் தாண்டிக் கடலை ஒட்டிக் கிடந்த அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கும் மின்சாரம் இல்லை. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு அது. குசினியில் மண்ணெண்ணெய் விளக்கு, கோயிலில் மெழுகுதிரி, அவ்வளவுதான் அங்கே வெளிச்சம். அப்படிப்பட்ட தெருவுக்குத்தான் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறத்தில் விளக்கு வரப்போகிறது என்றார்கள். வீட்டில் இருட்டு, றோட்டில் திருவிழா. சிரிக்காமல் என்ன செய்வது?

செலவை ஏற்க முன்வந்தவர் புங்குடுதீவில் பிறந்து கனடாவில் கடை வைத்திருக்கும் சுதாகரன். சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு, நயினாதீவுப் படகைப் பிடிக்க ஓடும் வான்களும் மணல் லொறிகளும் அந்தத் தெருவை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தன. ஊர் பார்க்க வந்த சுதாகரனின் கண் முன்னாலேயே ஒரு வான் சைக்கிளில் போனவரை இடித்து விழுத்திவிட்டது. மனிசர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். வெயிலில் மின்சாரம் பிடித்து எரியும் விளக்கு, முழுச் செலவும் தன்னுடையது என்றார். அதற்கு இடம் பார்க்க றோட்டு வேலைக் கந்தோரில் இருந்து வந்தவர் ஓவசியர் இராசநாயகம்.

வந்த முதல் நாள் அவர் மதகில் குந்தியிருந்து, போகிற வருகிற வண்டிகளைக் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எட்டு மணியளவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் தடியோடு படலையைத் திறந்து வந்தாள். றோட்டோரம் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். தூரத்தே ஒரு மணல் லொறி இரைந்தது. ஜெகதீஸின் லொறிதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தடியை நீட்டியபடி நேரே இறங்கிவிட்டாள். இராசநாயகம் கத்த வாயெடுப்பதற்குள் லொறி மெதுவாகி நின்றது. அவள் ஆறுதலாக நடந்து மறுபக்கம் ஏறினாள். லொறி இரண்டு தரம் சின்னதாக ஹோர்ன் அடித்தது, அவள் திரும்பாமலே தடியைத் தூக்கிக் காட்டினாள். அவளுக்குக் கண் தெரியாது என்பது அப்போதுதான் ஓவசியருக்கு விளங்கியது. மனிசர் அந்த லொறிக்குக் கோடு போடவே மறந்துபோனார்.

விசாரித்தார். பெயர் ஞானசவுந்தரி. ஐந்து வயதில் சின்னமுத்து அம்மை வந்து பார்வை போனது. தகப்பன் அழுதுகொண்டிருக்கவில்லை, கிழிந்த வலையைக் கையில் கொடுத்துப் பழக்கிவிட்டார். இன்றைக்கு அந்தக் கரையில் தொழிலுக்குப் போகிற அத்தனை பேருக்கும் வலை பொத்துவது அவள்தான். விரலை ஓடவிட்டால் போதும், கல்லில் கிழிந்ததா, நண்டு அறுத்ததா என்று சொல்லிவிடுவாள். கண் உள்ளவன் பொத்திய முடிச்சு அவிழும், அவள் போட்டது அவிழாது என்பார்கள். வீடு தெருவின் ஒரு பக்கம், வலை பொத்தும் வாடிக் கொட்டில் மறுபக்கம். இடம்பெயர்ந்துபோய்த் தொண்ணூற்றாறில் திரும்பி வந்த நாள் முதல், ஒருவர் கையையும் பிடிக்காமல் தனியே கடக்கிறாள். அவள் இறங்கினால் வண்டி நிற்கும். அந்தத் தெருவில் ஓடுகிற எல்லாச் சாரதிக்கும் அது தெரியும்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அடேயப்பா, எத்தனை கேள்வி! வலைகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வின்சன்ற், றோட்டோரம் விரிக்கிற வலையை இனி எங்கே காயப்போடுவது என்று கேட்டார். ஞானசவுந்தரியின் தமையன் பெண்சாதி மாக்கிறேற், திருநாளில் அந்தோனியார் சுரூபக் கூடு சுற்றி வரும்போது சிவப்பு விழுந்தால் அந்தோனியாரும் நிற்கவேண்டுமோ என்று கேட்டாள். பிரேதம் போனால் என்ன செய்வது, ஆடு மாட்டுக்கு யார் படிப்பிப்பது என்று அடுத்தடுத்து வந்தன. இராசநாயகம் ஒவ்வொன்றுக்கும் முகம் சுளிக்காமல் மறுமொழி சொன்னார். ஞானசவுந்தரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த விளக்கு சத்தம் போடுமோ, தம்பி?"

எல்லாரும் சிரித்தார்கள். அதெல்லாம் சத்தமில்லாமல் மாறும் என்று இராசநாயகம் பெருமையாகச் சொன்னார்.

பேசிப் பேசி முடிவு வராததால், ஒரு நாள் செய்து காட்டுகிறேன் என்றார் ஓவசியர். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையும் பூசிய பலகையோடு விடியவே வந்து றோட்டோரம் நின்றார். சாரதிகளுக்கும் சனங்களுக்கும் விளங்கப்படுத்தினார். நிறத்தைக் காண ஏலாத ஒருத்திக்கு என்ன சொல்வது என்பது மட்டும் அவர் நினைவில் வரவே இல்லை. படித்த மனிசர், பாருங்கள்.

எட்டு மணி. சிவப்பைக் கண்டு ஜெகதீஸ் லொறியின் வேகத்தைக் குறைத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்ட ஞானசவுந்தரி, தனக்காகத்தான் குறைக்கிறான் என்று எண்ணி வழக்கம்போல இறங்கினாள். அந்த நேரம் பார்த்து இராசநாயகம் பலகையைத் திருப்பினார். பச்சை. பலகையிலேயே கண்ணாக இருந்த ஜெகதீஸ் அக்ஸிலேற்றரை அமத்திவிட்டான். தடி சில்லுக்குள் அகப்பட்டு முறிந்தது. ஒரு சாண் தள்ளி அவள் அப்படியே நின்றாள்.

லொறியை நிறுத்திவிட்டு ஓடிவந்த ஜெகதீஸ் முறிந்த தடியைப் பொறுக்கினான்.

"நான் பச்சையைப் பாத்தனான், அக்கா."

"இவ்வளவு காலமும் நீர் என்னையெல்லோ பாத்தனீர்" என்றாள் அவள்.

இராசநாயகத்தின் கையில் இருந்த பலகை கனத்தது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தார். மாக்கிறேற் ஓடிவந்து மச்சாளைக் கட்டிப்பிடித்து அழுதாள். இனி இவள் றோட்டுப்பக்கம் வரக்கூடாது, வலையை வீட்டுக்கே கொண்டுவந்து தாருங்கள் என்றாள். வின்சன்றும் அதுதான் சரி என்றார், கூடிநின்ற சனமும் தலையாட்டியது. ஞானசவுந்தரி மச்சாளின் கையை விலக்கினாள்.

"இந்த றோட்டைத் தனியக் கடக்குமட்டும்தான் நான் ஞானசவுந்தரி. வீட்டுக்குள்ள இருத்திப்போட்டியள் எண்டால் வெறும் குருடி" என்றாள். பிறகு ஓவசியர் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். "தம்பி, உங்கட விளக்கு எனக்கு வேண்டாம். அங்கால ஒண்டு, இங்கால ஒண்டு, றோட்டில மேடு கட்டித் தாங்கோ. புதுசா வாற வண்டிக்காரரும் மெல்ல வருவினம். ஏறி இறங்கிற சத்தத்தில வண்டி எங்க நிக்குதெண்டு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, தடியில்லாத கையை முன்னே நீட்டிக்கொண்டு, பாதி கடந்து நின்ற தெருவின் மீதியையும் கடந்து வாடிக்குள் போய்விட்டாள். ஒருவரும் கூடப் போகத் துணியவில்லை.

சனம் கலைந்தது. இராசநாயகம் கொப்பியைத் திறந்து 'இரண்டு மேடு' என்று எழுதினார். கனடாக்காரர் கோபித்தால் கோபிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். இருபது வருஷமாக றோட்டு அளந்தவர், அவள் நின்ற இடத்திலேயே போய் நின்று கண்ணை மூடினார். எங்கோ ஒரு வான் இரைந்தது. வலமா, இடமா? கிட்டவா, தூரவா? ஆண்டவரே, இந்தச் சத்தத்தை நம்பியா ஒரு மனுசி எட்டு வருஷமாக இறங்குகிறாள்! ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். வைக்க ஏலவில்லை.