குழாய் இறங்காது

எங்கள் ஷாதிபூர் சர்ச்சுக்குப் புது சவுண்ட் சிஸ்டம் போட, அளவெடுக்க இன்று ஒரு தம்பி வந்தார். எங்கள் தீவுக்குப் புதிதாக வந்த மெயின்லேண்ட் ஆள். கமிட்டி சார்பில் நான்தான் கூட நின்றேன்.

எங்கள் பட்ஜெட்டுக்கு மூன்று ஸ்பீக்கர்தான் வரும் என்றார். பிறகு கூரையிலிருந்த துருப்பிடித்த குழாய் ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"அக்கா, அந்தக் குழாயையும் பேட்டரி செட்டையும் எக்ஸ்சேஞ்சுல குடுத்துருங்க, நாலாவது ஸ்பீக்கர் தர்றேன். இதெல்லாம் இப்ப யாருக்கா வச்சிருக்கா?"

"அதைத் தர மாட்டோம் தம்பி."

நான் பேரம் பேசுவதாக நினைத்து ஏணியில் ஏறிவிட்டார்.

எதிர்வீட்டு வங்காளி அண்ணன், நாங்கள் தாதா என்று கூப்பிடுவோம், ஒருநாளும் சர்ச்சுக்குள் வராதவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து ஏணியைப் பிடித்தார்.

"ஏ பாய், நீச்சே உத்ரோ! போம்பு கோ ஹாத் மத் லகானா!"

தம்பி என்னைப் பார்த்தார்.

"கீழ இறங்கச் சொல்றார். குழாய்ல கை வைக்கக் கூடாதாம்" என்றேன்.

சுனாமியன்று கரண்ட் போய், ஃபோனும் செத்த பிறகு, பேட்டரியில் பேசியது அந்தக் குழாய் மட்டும்தான். பாஸ்டர் அதில் தமிழிலும் இந்தியிலும் கத்தியதைக் கேட்டுத்தான் தெருவே மேட்டுக்கு ஓடியது. இன்றும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதில் ஒரு "ஹலோ" சொல்லிப் பார்க்கிறோம். கேட்டது என்று தாதா வாசலிலிருந்து கையாட்டுவார்.

தம்பி இறங்கிவிட்டார். மூன்று ஸ்பீக்கருக்கே ஆர்டர் கொடுத்தாயிற்று.

பின் பெஞ்சுக்குப் பிரசங்கம் சரியாகக் கேட்காதாம். முன் பெஞ்சு வருஷக்கணக்காகக் காலியாகத்தான் கிடக்கிறது. யார் யார் வருகிறீர்கள்?