காருக்குப் பூசிய மீன் எண்ணெய்

கோட்டைக்குப்பத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன் நான். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது, பிள்ளை இல்லை. வீட்டில் டிவியைத் தவிர யாரும் பேசுவதில்லை. அந்தச் சமயத்தில்தான் திருப்பாலைவனத்து நிலக்காரர் ஒருவர் போன் செய்து வரச் சொன்னார். அவருடைய நெல் குடோனில், சாக்குகளுக்கு அடியில், அவர் தாத்தா வாங்கிய கார் ஒன்று கிடந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இந்த மாதிரி உலகத்திலேயே விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் மிச்சம் என்றார். சென்னையில் ஒருவர் வாங்கக் காத்திருக்கிறாராம். "ஓட வச்சிக் குடுப்பா, போதும்."

மினி லாரியில் ஏற்றி என் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். ஒரு மாதத்தில் முடிக்க வேண்டிய வேலையை எட்டு மாதம் இழுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதன் மேல் ஆசை வந்துவிட்டது. காரில் பாதி நீளம் பானெட்தான். அதைத் தோல் வார் போட்டுக் கட்டியிருந்தார்கள். கதவு இடுப்புயரம்கூட இல்லை. உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் தரை எட்டிவிடும் போலிருக்கும். எஞ்சின் முதல் தடவை பிடித்தபோது படகு எஞ்சின் மாதிரி தடதடக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தது. நானும் பேசினேன். காலையில் என்ன தின்றேன் என்பதுவரை சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் வலையோடு போகும்போது, "இன்னா மாமா, புதுப் பொண்டாட்டி இன்னா சொல்லுது?" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "போம்மா, உன் வேலையப் பாரு" என்பேன். அவள் கேட்காமல் போகிற நாளில் சப்பென்று இருக்கும்.

தகரத்தைக் கழற்றினால் உள்ளே முழுக்க மரச்சட்டம். மரத்தைப் பார்த்தால் எங்கள் கைக்கு ஒரு வேலைதான் தெரியும். படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயைக் காய்ச்சி, இண்டு இடுக்கு விடாமல் தேய்த்துவிட்டேன். மறுநாள் வெயில் ஏறியதும், பிறந்ததிலிருந்து இந்த நாற்றத்தில் கிடக்கிற எனக்கே குமட்டியது. இதில் எந்தப் பட்டணத்துக்காரனும் உட்கார மாட்டான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் இரண்டாவது தடவையும் பூசினேன்.

வாங்க வந்தவர் கதவைத் திறந்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேண்டாம் என்று கையசைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் வெட்கங்கெட்ட சந்தோஷம்.

கூட வந்திருந்த நிலக்காரர் திட்டுவார் என்று நின்றிருந்தேன். அவர் திட்டவில்லை.

"வுடுப்பா. மரம்னா எண்ண பூசுவீங்க, உனுக்கு இன்னா தெரியும்" என்றார். பானெட்டின் தோல் வாரை இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னார்: "கூடவே இருந்து கார பாத்துக்க ஆள் ஓணும்னு வாங்க வந்தவரு முன்னியே கேட்டிருந்தாரு. இவன் ஒண்டியா கீறான், காரோடவே இட்டுனு போங்கன்னு உன்னத்தான் சொல்லி வச்சிருந்தேன். தங்க ரூம் குடுக்குறேன்னு ஒத்துக்கினாரு. அவரு கார நேர்ல பாத்து முடிச்சதும் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

நான் மீன் எண்ணெய் டப்பாவைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

அடுத்த வாரம் காரைத் திரும்ப அவர் குடோனுக்கே கொண்டுபோக லாரி வந்தது. பின்னாலிருந்து தள்ளி ஏற்றியதும் நான்தான். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கியபோது நிலக்காரர் என் தோளைத் தட்டினார்.

"மனச வுட்டுடாத. தெரியாமதான பண்ண?"

"ஆமாங்கய்யா" என்றேன்.