சந்தனப் பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

போன ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுத்ததும், என் மனைவி பரணில் கிடந்த கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கி வாசலில் வைத்துவிட்டாள். நான் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடினேன். பெட்டி போகட்டும், உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தர மாட்டேன்.

"செத்துப்போனத வெச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க? அதுலேர்ந்து அந்த ஆளு இன்னாத்த திருடிகினு போவப் போறாரு?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் என் குணம் உங்களுக்குத் தெரியாதே! தராசு முள்ளைப் பார்க்காமல் ஒரு கிலோ சர்க்கரை வாங்கியவன் இல்லை நான்.

கழற்றிக் கையில் எடுத்தேன். அதன் நெற்றியில் அந்தப் பொட்டு இன்னும் இருந்தது. காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் மங்கிப்போன குங்குமம். மோந்து பார்த்தால் வெறும் தூசி வாசனைதான். ஆனாலும் பாவாவின் ஸ்டூடியோ மூக்குக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். திருத்தணியில், மலைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். முடி இறக்கிய பிள்ளைகளை மொட்டைத் தலையில் சந்தனம் காய்வதற்குள் அங்கே தூக்கி வருவார்கள். அழாத பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. படம் எடுப்பதும் நான்தான், கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பதும் நான்தான். ஆடிக் கிருத்திகை வந்தால் சோறு தண்ணி கிடையாது. எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் அதே படத்தைத் திரும்பப் போட்டுத் தருவோம் என்று பாவா பலகையே எழுதி மாட்டியிருந்தார். அந்த வாக்கு முழுக்க இந்த ஒரு டிஸ்க்குக்குள்தான் இருந்தது.

கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது. காலையில் அதைப் போட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் முனகிக்கொண்டே இருக்கும். பாவா பயந்துபோய் அரக்கோணத்திலிருந்து பாபுவை வரவழைத்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற பையன். பார்த்த உடனேயே எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு பணிவாகப் பேசுகிறவனை எப்படி நம்புவது? அரக்கோணத்தில் எத்தனை ஸ்டூடியோ இருக்கிறது! எங்கள் படங்களை அள்ளிக்கொண்டு போய் அவர்களிடம் கொடுத்துவிட்டால்? நல்ல டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓட்டை டிஸ்க்கை மாட்டிவிட்டால்?

அதனால் அவன் வருவதற்கு முன்பே ஒரு வேலை செய்தேன். டிஸ்க்கைக் கழற்றி, ஆயுத பூஜைக்கு வைப்பதுபோல் சந்தனம் குழைத்து, தடிமனாக ஒரு பொட்டு வைத்தேன். பாவா பார்த்துவிட்டு, "பரவால்லியே மச்சான், உனக்கும் பக்தி வந்துச்சே!" என்றார். பக்தியாவது ஒன்றாவது! மாற்றினால் கண்டுபிடிக்க அடையாளம்.

பாபு தன் பையிலிருந்து வேறொரு டிஸ்க்கை எடுத்தான். "மொதல்ல எல்லாத்தையும் வெளிய இதுல காப்பி எடுத்துக்கலாம் சார். அப்பறம் உங்க டிஸ்க்க ரெண்டா பிரிச்சி, கம்ப்யூட்டர் ஓட்றதுக்கு ஒண்ணு, போட்டோவுக்கு ஒண்ணு வெச்சிக்கலாம்."

மத்தியானச் சோற்றுக்குக்கூடப் போகாமல் பக்கத்திலேயே நின்றேன். பிரித்தான். படங்களையெல்லாம் திரும்ப ஏற்றினான். ஒவ்வொரு ஃபோல்டராக எண்ணிப் பார்த்தேன், குறையவில்லை. உடனே, "உன் டிஸ்க்குல இருக்கறத அழி" என்றேன்.

"வேணாம் சார். நீங்களே வேற ஒண்ணு வாங்கி அதுல எடுத்து வெச்சிக்கற வரைக்கும் இருக்கட்டும். ஒரே டிஸ்க்குல ரெண்டு பாகம்னா ஒரே வூட்ல ரெண்டு ரூம்பு மாதிரி. வூடு எரிஞ்சா ரெண்டும்தான போவும்?"

"அதான் ரெண்டா பிரிச்சாச்சே. உனக்கெதுக்கு எங்க போட்டோ? அழி!"

அவன் முகம் சுண்டிப்போனது. அழித்தான். குப்பைத்தொட்டி வரைக்கும் திறந்து காட்டச் சொன்னேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

தை மாதம் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அதே வாரம் திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து செல்வி என்கிற பெண் வந்தாள். கரும்பு வெட்டுகிற குடும்பம். மகளுக்கு முடி இறக்கியபோது, மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் புருஷன் நின்ற படத்தை நாங்கள்தான் எடுத்திருந்தோம். கரும்பு லாரி கவிழ்ந்து அவர் போய்விட்டார். வீட்டிலிருந்த படமோ கூரை ஒழுகி ஊறிப்போயிருந்தது.

"அந்த ஆளு வேற போட்டோவே எடுத்துக்கலணா. பாப்பா நைனா எங்கன்னு கேட்டுகினே இருக்குது. பலகைல எழுதிக்கிறீங்களாமே, அதான் வந்தேன்."

பாவா என்னைப் பார்த்தார். நான் பாபுவுக்குப் போன் போட்டேன். மணி அடிக்கும்போது நான் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? முருகா, இவன் திருடனாக இருக்கணும். எனக்குத் தெரியாமல் ஒரு காப்பி ஒளித்து வைத்திருக்கணும்.

"நீங்க சொன்னா மாதிரி அன்னிக்கே அழிச்சிட்டேனே சார். அதுமேல வேற வேலையும் ஏத்திட்டேன்" என்றான் பாபு.

அடுத்த பஸ்ஸிலேயே வந்தான். டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குண்டூசியால் பொட்டின் ஓரத்தை மெல்லச் சுரண்டினான். அடியில் சின்னதாக ஒரு ஓட்டை, அதை மூடாதே என்று பக்கத்தில் இங்கிலீஷில் எழுத்து. காற்று போகிற வழியாம். "இதனாலயா போச்சு?" என்று கேட்டேன். "தெரியல சார், பழைய டிஸ்க்குதான" என்றான். இன்றுவரை அதுவும் பணிவா, பொய்யா என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் வரை என்னென்னவோ செய்து பார்த்தான், ஒன்றும் வரவில்லை.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீதானணா படம் எடுத்த. அப்போ அந்த ஆளு சிரிச்சிகினு இருந்துச்சா?"

ஆங் என்று தலையாட்டினேன்.

அது பொய். இப்போது அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. படியில் எல்லோரும் அவரவர் போனில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பலகையை அன்றைக்கே பாவா கழற்றிவிட்டார். பாபுவின் முகம் இடது புருவத்துத் தழும்பு வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது, அன்றைக்கு முழுக்க அவனை அப்படி உற்றுப் பார்த்தவன் நான். தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு என் எதிரே நின்ற மனுஷனின் முகம்தான் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.