செம்பின் மூலை

ஏறாவூரில் பழைய மெசின்கள் விற்கும் ஒரு கடையில்தான் அவரைக் கண்டேன். வாங்க வருவோருக்கு மெசினை ஓட்டிக் காட்டுவது அவர் வேலை. வெள்ளைத் தொப்பி, இடுப்பில் எண்ணெய் ஊறிய சாரம், ஆறுதலான நடை. வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'காக்கா', அதாவது அண்ணன்.

நாவற்குடாவில் இருக்கும் என் லேத் பட்டறைக்கு ஒரு ஸ்பார்க் மெசின் தேவைப்பட்டது. செம்புத் துண்டை எண்ணெய்க்குள் இறக்கி, மின்பொறியால் இரும்பை அரித்து, அந்தச் செம்பின் வடிவிலேயே அச்சுக்குழி எடுக்கிற மெசின் அது. கடையில் இரண்டு நின்றன. என் கண் பெரியதில். முதலாளிக்கும் அதைத் தள்ளிவிடத்தான் ஆசை. பட்டறையில் ஒன்றுக்குத்தான் இடம். பிழையானதை ஏற்றிப் போனால், ஏற்றுக்கொண்ட அச்சு வேலையெல்லாம் கைவிட்டுப் போய்விடும்.

அவர் இரண்டிலும் ஒரே அளவுக் குழி எடுத்துக் காட்டினார். பெரியது பாதி நேரத்தில் முடித்தது. நான் குழியைப் பார்த்தேன். அவரோ செம்புத் துண்டுகளைத் துடைத்து, மூலைகளை நகத்தால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன காக்கா, குழி இஞ்ச கிடக்கு. நீங்க செம்பத் தடவுறீங்க?"

"அவசரமாத் தின்னுறவன் விரலையும் கடிப்பான், தம்பி. தொட்டுப் பாருங்க."

பெரிய மெசினின் செம்பு, பாவித்த சவர்க்காரம் போல மூலை உருண்டிருந்தது. சிறியதின் மூலை நகத்தில் குத்தியது. அச்சுக்கு மூலைதானே உயிர்.

முதலாளி இருமினார். "காக்கா, நீங்க என்ர ஆளா, அவர்ர ஆளா?"

"நான் செம்புட ஆள், முதலாளி."

சிறியதையே எடுத்தேன். முதலாளி முன்னாலேயே அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் எண்ணெயிலிருந்து செம்பை எடுத்ததும், குழியைப் பார்க்குமுன் என் நகம் மூலைக்குப் போய்விடுகிறது.