சாவியைத் திருகிய கை

தொண்ணூறுகளில் என் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன டர்போ கார் என்னிடம் வந்தது. டிரைவர் கரீம் பாய். சேலத்திலிருந்து மலையேறி ஏற்காட்டில் வீட்டு வாசலுக்கு வந்தபிறகும் இரண்டு நிமிடம் எஞ்சினை அணைக்க மாட்டார்.

"சூடு தணியட்டுமுங்க. அப்புறம் ஆஃப் பண்ணலாமுங்க."

பெட்ரோல் வீணாகிறதே என்று எனக்கு எரிச்சல். எட்டிச் சாவியைத் திருகி நானே அணைத்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் அதையே சொல்லிவிட்டு, பாய் கையை எடுத்துக்கொள்வார்.

ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் கார் நீலப் புகை கக்கி நின்றுவிட்டது. ஆயில் மாற்றாமல் ஏமாற்றிவிட்டார் என்று நடுரோட்டில் கத்தி, பாயை வேலையிலிருந்து நிறுத்தினேன்.

சேலம் மெக்கானிக், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவைக் கழற்றி, கரி அடைத்த ஆயில் குழாயைக் காட்டினார்.

"ஆயிலெல்லாம் புதுசுதானுங்க. மலையேறுன சூட்டோட ஆஃப் பண்ணுனா, டர்போவுல நிக்கிற ஆயில் கருகிப்போயிருமுங்க. யாருங்க அப்படி ஆஃப் பண்ணுனது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அன்றே நாகலூரில் பாய் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனவன், "இப்படி ஆகும்னு சொல்லியிருக்கலாமே பாய்?" என்றேன்.

"தெனமும் சொன்னேனுங்களே."

இன்றும் எந்தக் காரை அணைக்கப்போனாலும் என் கை கூசுகிறது.