இதுவா, அதுவா?

நம் மூக்கிலிருந்து கண்ணாடியை உருவிக்கொண்ட பிறகுதான் "வாங்க" என்பார். கோட்டுப் பையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தபடியே, "இத எப்படிப் போட்டுட்டுத் திரியறீங்க? உலகமே அழுக்காத் தெரியுமே" என்பார். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். எங்கள் தெருவில் அவருக்கு 'இதுவா அதுவா அக்கா' என்று பெயர். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பின்னறை நாற்காலியில் நம்மை இருத்தி, கனத்த வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுவார். "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?" அவர் மனம் நோகக் கூடாதே என்று பாதிப் பேர் "தெளிவா இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பருப்பு அவரிடம் வேகாது. "எனக்காகச் சொல்லாதீங்க. உங்க கண்ணு என்ன சொல்லுது?" என்று முதல் வில்லையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். நானும் அகப்பட்டிருக்கிறேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றதற்கு, "பொய் சொல்றவங்க கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொல்லிடுவாங்க" என்றார்.

கொஞ்ச நாளாக அவருக்கே இருப்புக் கொள்ளவில்லை. மகள் பள்ளியை முடித்துவிட்டாள். கல்லூரிக்கு விண்ணப்பிக்க இந்த வாரம்தான் கடைசி. அவளுக்கு விலங்கியல் ஆசை. கடையில் கழித்துப்போட்ட வில்லையோடு குளியலறைச் சுவரில் சிலந்தியை மணிக்கணக்காகப் பார்க்கிற பெண். அம்மாவுக்கோ கம்ப்யூட்டர்தான். இந்தச் சண்டையைக் கடையிலேயே கேட்டிருக்கிறேன்.

"பூச்சியப் பாத்துட்டு இருந்தா எவன்டி சம்பளம் குடுப்பான்?"

"சிலந்தி பூச்சியே இல்லம்மா. அதுக்கு எட்டுக் கால்."

"எத்தன கால் வேணா இருக்கட்டும். நீ சொந்தக் கால்ல நிக்கணும்."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. கணவர் போன பிறகு இவருடைய ஒற்றைச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பெண் என்ன செய்வாள் என்ற பயம் அவருக்கு. துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் என்ன படித்தீர்கள், பிடித்துத்தான் படித்தீர்களா என்று துருவுகிறார். வங்கிக்காரர் ஒருவர், "சம்பளத்துக்குக் குறையில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாராம். அது வேறு அவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

நேற்று மாலை என் புதுக் கண்ணாடியை வாங்கப் போயிருந்தேன். அவர் வழக்கம்போல அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் வந்தாள்.

"கடைசியாக் கேக்கறேன். கம்ப்யூட்டரா, இல்ல அந்த..."

"கம்ப்யூட்டரே படிக்கறேம்மா. எனக்கும் அதான் பிடிச்சிருக்கு."

அப்பாடா, ஒரு வழியாக முடிந்தது என்று நான்கூட நினைத்தேன். அக்காவின் கையில் துணி அப்படியே நின்றது. கண்ணாடியை என் கையில் திணித்துவிட்டு, மகளைப் பின்னறைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். வில்லையே இல்லாத வெறும் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டினார்.

"எனக்காகச் சொல்லாத" என்றார்.

மகள் சட்டத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அக்கா அவசரப்படுத்தவில்லை. மூலையில் கிடந்த முக்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு, உட்கார்ந்தார்.